டீச்சரம்மா பதில்கள்: மனசு காலியானால் போதுமா?

கேள்வி: ஒரு வருடமாகக் காலையில் தியானம் செய்கிறேன். சில நாள் மனசு சுத்தமாகக் காலியாகிவிடும், அரை மணி நேரம் போனதே தெரியாது. நிம்மதியாக எழுந்து அடுப்படிக்குப் போவேன். மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் பழைய கோபம் அப்படியே வந்துவிடுகிறது. முன்பு போன இடத்தில் ‘மனதைக் காலி செய்’ என்றார்கள். இப்போது போகிற இடத்தில் ‘ஒளியால் நிரப்பு’ என்கிறார்கள். எது சரி?
– வாசகி, திருமங்கலம்

அரை மணி போனதே தெரியவில்லை என்றால் அதில் பாதி தூக்கமாக இருக்கலாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து உட்காருகிற உடம்பு, கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்யும். அதற்கு ஆன்மிகப் பெயர் வைக்க வேண்டாம். ராத்திரி சீரியலை விட்டுவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

தூங்கவில்லை, விழிப்பாகத்தான் இருந்தேன், எண்ணம் மட்டும்தான் இல்லை என்கிறீர்களா? சரி, அப்போது விஷயம் வேறு. மனம் ஒடுங்குவது இரண்டு வகை என்பார் ரமணர்: இலயம், நாசம். இலயித்தது, அதாவது தற்காலிகமாக அடங்கியது, திரும்ப எழுந்துவிடும்; நாசமானது எழாது. இதற்கு ஒரு கதையும் அவர் சொன்னதுண்டு. கங்கைக் கரையில் ஒரு யோகி, தாகமெடுத்துச் சீடனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புகிறார். அவன் வருவதற்குள் சமாதியில் ஆழ்ந்துவிடுகிறார். தலைமுறைகள் கடந்து கண் விழித்ததும் வாயில் வந்த முதல் பேச்சு, தண்ணீர் எங்கே என்பதுதான். அத்தனை காலம் உள்ளே இருந்தும் அந்தத் தாகம் இம்மியும் குறையவில்லை. உங்களுக்கு மாமியார்மேல் இருக்கிற கோபமும் அந்தத் தாகம் மாதிரிதான். அரை மணி நேரம் அது காத்திருக்கிறது, அவ்வளவே.

ஒன்றுமே தெரியவில்லை, வெறுமைதான் தெரிகிறது என்று வந்தவர்களை, அந்த வெறுமையைப் பார்த்தது யார் என்று கவனிக்கச் சொல்வாராம் அவர். நீங்களும் அதைச் செய்து பாருங்கள். காலியாக இருக்கிறது என்று தெரிகிறதல்லவா, தெரிந்துகொள்கிற அது காலியாக இல்லையே! பதில் தேடி மனசுக்குள் பேச ஆரம்பிக்காமல் அதோடு சற்று நேரம் இருங்கள்.

ஒளியால் நிரப்புவதில் தப்பில்லை. அலைகிற மனசுக்கு ஒரு பிடி வேண்டும்தானே. ஆனால் நீங்களாகக் கற்பனை செய்த ஒளியும் ஓர் எண்ணம்தான், நிறுத்தினால் போய்விடும். எனவே காலி செய்வதா, நிரப்புவதா என்று இடம் மாறிக்கொண்டே இருக்காதீர்கள். கோபம் நாக்குக்கு வருமுன் நெஞ்சில் ஒரு சூடு கிளம்பும். அதை அடுப்பு முன்னால் நிற்கும்போதே பிடிக்க முடிகிறதா பாருங்கள்.

சிம்மக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள் நான். அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்துதான் பழகினேன். ஏ.சி. அறையில், ஊதுபத்தி வாசத்தில் மட்டும் வருகிற வெறுமைக்கு என்னிடம் பெரிய மரியாதை கிடையாது.

கேள்வி: பௌத்தர்கள் எல்லாம் சூனியம் என்கிறார்கள். நம்மவர்கள் எல்லாம் பூரணம் என்கிறார்கள். இரண்டில் ஒன்றுதானே உண்மை?
– கல்லூரி மாணவர், மேலூர்

பட்டிமன்றம் வைத்துவிட்டீர்கள் தம்பி. நடுவராக உட்கார எனக்கு ஆசையில்லை, ஆனாலும் சொல்கிறேன். பாலி மொழிச் சூத்திரம் ஒன்றில், தாங்கள் தங்கியிருக்கும் மாளிகையையே காட்டி புத்தர் ஆனந்தரிடம் விளக்குகிறார்: இங்கே யானை இல்லை, மாடு இல்லை, குதிரை இல்லை, பொன்னும் வெள்ளியும் இல்லை. ஆனால் துறவிகளின் கூட்டம் இருக்கிறது. இல்லாததை இல்லை என்று அறி, மிச்சமிருப்பதை இருக்கிறது என்று அறி என்கிறார். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியிலும் ஐம்பொறியும் மனமும் கொண்ட இந்த உடம்பு மிச்சமிருக்கிறது என்றே முடிக்கிறார். ‘ஒன்றுமே கிடையாது’ என்று கைவிரிக்கிற பேச்சா இது?

நம் பக்கம் சிதம்பரத்துக்குப் போய்ப் பாருங்கள். திரையை விலக்கினால் உருவம் எதுவும் இல்லை, பொன் வில்வ மாலைகள் தொங்குகிற வெற்றிடம்தான். பூரணம் என்று சொல்கிறவர்கள் வெற்றிடத்துக்குத் தீபம் காட்டுகிறார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாங்குளம் மலை இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் வருகிற, கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழி (தமிழின் பழைய எழுத்து) கல்வெட்டும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் அங்கே உண்டு. உயிரில் ஒட்டிய வினையை உதிர்க்க உதிர்க்க அதன் முழு அறிவு வெளிப்படும் என்பது அவர்கள் கொள்கை. அவர்களை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். கல்வெட்டுமேல் உங்கள் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்கிவிட்டு மட்டும் வராதீர்கள்.

கேள்வி: மனம் வெறுமையாகும்போது விழுவதுபோல பயம் வருகிறது. தாண்டிப் போ என்கிறார் நண்பர். போகலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

நண்பர் எளிதாகச் சொல்லிவிட்டார். 1896 ஜூலையில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென மரண பயம் வந்தது. பிணம்போல விறைத்துப் படுத்து, உடம்பு செத்தால் நானும் செத்தேனா என்று பார்த்தார். அதன்பிறகு அந்தப் பயம் வரவே இல்லை. பிற்காலத்தில் ரமணர் ஆனவர் அவர்தான். எல்லாரும் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். அதற்கப்புறம் அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்கு வறட்டு வெறுமை வாய்க்கவில்லை.

நீங்கள் அவசரப்படாதீர்கள். பயம் வந்தால் கண்ணைத் திறங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், எழுந்து நடங்கள். உட்காரும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். பகலிலும் சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லை என்று தோன்றினாலோ, தூக்கம் கெட்டாலோ தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். சிலருக்குத் தியானத்தால் இப்படி ஆவதுண்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தியானம் செய்யலாமா?
– வாசகர், செல்லூர்

இட்லி என்றால் ஒன்றரை மணி நேரம் கழித்து. பரோட்டா, சால்னா என்றால் மறுநாள் காலையில். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு அதிக நேரம் உட்கார வேண்டாம்.