ஏழு பேப்பருக்குப் பணம், ஆறு பேப்பருக்கு ஹால் டிக்கெட்

கல்லூரித் தேர்வு பற்றிய கேள்விகளே இந்த முறை குவிந்துவிட்டதால், பத்திரிகை ஆசிரியர் இந்தப் பக்கம் முழுவதையும் எனக்கே விட்டுவிட்டார். புதிதாக வாசிப்பவர்களுக்காக: நெல்லைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே வரிசை. அன்றைக்கு வரிசையில் நின்று கேட்டதைத்தான் இன்றைக்கு மின்னஞ்சலில் கேட்கிறார்கள்.

கேள்வி: மகன் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். இந்த செமஸ்டர் ஐந்து பேப்பர், அரியர் இரண்டு. ஏழுக்கும் ஆன்லைனில் பணம் கட்டினோம். வங்கியில் பிடித்தும் விட்டார்கள். ஹால் டிக்கெட்டில் ஆறுதான் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்யலாமா?
மளிகைக் கடைக்காரர், தென்காசி

பதில்: அண்ணாச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் பணம் கட்டியது வேறு, தேர்வுக்குப் பதிவானது வேறு. பணம் போனதாக வந்த எஸ்.எம்.எஸ். உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள கணக்கு. மகனின் பதிவெண்ணுக்கு நேரே எந்தெந்த பேப்பர் கோடு, அதாவது பாடக் குறியீடு, ஏறியிருக்கிறதோ, அது மட்டும்தான் பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். அந்தப் பட்டியலுக்கு நாமினல் ரோல் என்று பெயர். எத்தனை கேள்வித்தாள் அனுப்புவது, எந்த ஹாலில் யார் உட்காருவது, ஹால் டிக்கெட்டில் எந்த பேப்பர் வருவது எல்லாம் அதிலிருந்துதான் எடுப்பார்கள். அதில் இல்லாத பேப்பரை, பணமே கட்டியிருந்தாலும், மகன் எழுத வருவான் என்று யாருக்கும் தெரியாது.

விட்டுப்போனது அநேகமாக அரியராகத்தான் இருக்கும். நடப்பு செமஸ்டர் பேப்பர்கள் வகுப்புக்கே மொத்தமாக ஏறிவிடும். அரியரை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பார்த்து ஏற்ற வேண்டும். அங்கேதான் கோளாறு வரும். என் கையாலேயே ஒரு முறை வந்திருக்கிறது. 2009 ஏப்ரல். பாடத்திட்டம் மாறிய சமயம். ஒரே பெயரில் பழைய சிலபஸ் பேப்பர் ஒன்று, புது சிலபஸ் பேப்பர் ஒன்று. கோடில் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். பழைய சிலபஸில் அரியர் வைத்திருந்த ஒரு பெண்ணுக்குப் புதுக் கோடைப் போட்டுவிட்டேன். ஹால் டிக்கெட்டில் பேப்பர் பெயர் சரியாகத்தானே இருக்கிறது, அவளும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தேர்வன்று பத்தரை மணிக்கு எழுந்து நின்று, "சார், மூணாவது யூனிட் எங்களுக்குக் கிடையாதே" என்றாள். கவரில் பழைய கேள்வித்தாள் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. எப்படி வரும்? நாமினல் ரோலில் கேட்கவே இல்லையே. அவளுக்கு ஒரு செமஸ்டர் போயிற்று. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஹால் டிக்கெட், பணம் கட்டிய ரசீது, வங்கியின் பரிவர்த்தனை எண் மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு மகன் நாளைக்கே கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போகட்டும். போனில் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். தேர்வுக்கு முன்பே போனால், கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு எழுதி பேப்பரைச் சேர்க்க வழி உண்டு. தேர்வன்று காலையில் போனால் தேர்வு மையப் பொறுப்பாளரான சீஃப் சூப்பிரண்டின் மனசையும், கவரில் உபரியாக இருக்கும் கேள்வித்தாளையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

கூடவே, ரசீது ஏழு பேப்பருக்கா ஆறுக்கா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். ஜன்னலுக்கு வந்து சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் ரசீதைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் கட்டித் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2020-இல் தமிழ்நாடே பார்த்தது. கொரோனாவால் தேர்வு நடத்த முடியாமல், அந்த ஆகஸ்டில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று அறிவித்தார். அது தேர்வுக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும். போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்களே, அவர்கள் எல்லோரும் பணம் கட்டிய பையன்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். விவகாரம் பிறகு உயர் நீதிமன்றம் வரை போனது வேறு கதை.

கேள்வி: இன்டர்னல் 23, எக்ஸ்டர்னல் 27. கூட்டினால் 50. பாஸ் மார்க் 40தான். ஆனாலும் ஃபெயில் என்று வந்திருக்கிறது. பொறியியல் படிக்கும் என் அக்கா இதே மார்க் வாங்கி பாஸ்!
பி.காம். மாணவி, சங்கரன்கோவில்

பதில்: கூட்டல் சரிதான் அம்மா. ஆனால் 50-ஐ மட்டும் பார்க்க மாட்டார்கள். கலை அறிவியல் இளநிலையில் பல பல்கலைக்கழகங்களில் கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 25, பல்கலைக்கழகத் தேர்வான எக்ஸ்டர்னல் 75. மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 40 சதவீதம், அதாவது 75-க்கு 30 வேண்டும். உங்களுக்கு மூன்று மார்க் குறைகிறது. இன்டர்னலில் 25-க்கு 25 வாங்கியிருந்தாலும் அந்த மூன்றை அது ஈடுகட்டாது.

அக்கா கதை வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ரெகுலேஷன், அதாவது தேர்வு விதிகளின்படி, எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். 60-க்கு 45 சதவீதம் எவ்வளவு? சரியாக 27. அக்கா மயிரிழையில் தப்பியிருக்கிறார், போய்ச் சொல்லுங்கள். சேர்ந்த வருடத்தின் ரெகுலேஷன் எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம். முதல் வாரத்தில் அந்தப் புத்தகத்தைக் கொடுப்பார்கள். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பேப்பருக்கு "ஏஏஏ" என்று வந்திருக்கிறது. ஆப்சென்ட் என்கிறார்கள். என் விடைத்தாள் எங்கே போனது? விற்றுவிட்டார்களா?
மூன்றாம் ஆண்டு மாணவர், கோவில்பட்டி

பதில்: தம்பி, விற்கவெல்லாம் இல்லை. உன் விடைத்தாள் எங்கேயோ மார்க்கோடுதான் இருக்கும். உன் பெயருக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன்.

திருத்துகிறவருக்கு நீ யார் என்று தெரியக் கூடாது. அதனால் விடைத்தாள் கட்டு வந்ததும் முதல் வேலை, உன் பதிவெண் இருக்கும் பகுதியைக் கிழித்து எடுப்பது. கிழிக்கும் முன் அந்தப் பகுதியிலும் விடைத்தாளிலும் ஒரே டம்மி நம்பர் விழும். எங்கள் காலத்தில் நம்பரிங் மெஷினைக் கையில் பிடித்து டக் டக் என்று குத்துவோம். சாயங்காலம் உள்ளங்கை சிவந்து போகும். இப்போது அநேக இடங்களில் பார்கோடு. கிழித்த துண்டுகள் ஒரு பெட்டியில் பூட்டப்படும். டம்மி நம்பர் மட்டும் உள்ள விடைத்தாள்கள் மதிப்பீட்டு முகாமுக்குப் போகும். அங்கே போடும் மார்க்கெல்லாம் டம்மி நம்பருக்குத்தான். எல்லாம் முடிந்த பிறகு துண்டையும் மார்க்கையும் சேர்த்தால்தான் பதிவெண்ணுக்கு மார்க் வரும்.

எங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்று, தேர்வைத் தானே நடத்தத் தொடங்கிய பிறகு மார்க் ஏற்றும் வேலை எங்களுக்கே வந்தது. ஒரே பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒத்துப்போகாத வரியைக் கணினி சிவப்பில் காட்டும். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு சிவப்பு வரி: நான் 71 அடித்திருக்கிறேன், எதிர் மேஜைக்காரர் 17. மூலப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், திருத்தியவர் ஏழையும் ஒன்றையும் ஒரே மாதிரி எழுதும் மனிதர். அப்புறம் கட்டைப் பிரித்து விடைத்தாளையே எடுத்து உள்ளே மார்க்கைக் கூட்டினோம். 71. அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

உன் விஷயத்தில் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். பதிவெண்ணில் ஒரு இலக்கத்தை நீயே மாற்றி எழுதியிருப்பாய், அல்லது வட்டத்தை மாற்றி நிரப்பியிருப்பாய். ஹாலில் வருகைத்தாளில் கையெழுத்துப் போடாமல் விட்டிருப்பாய். அல்லது உன் கட்டிலிருந்து விடைத்தாள் வேறு கட்டுக்குப் போயிருக்கும். இதைத் தீர்க்கிற சாவி ஒன்று உண்டு: விடைத்தாளின் வரிசை எண். வருகைத்தாளில் கையெழுத்துக்குப் பக்கத்தில் அதை எழுதச் சொல்லியிருப்பார்களே, அதுதான். நீ வந்தாய், இந்த எண் உள்ள விடைத்தாளில் எழுதினாய் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. தேர்வுப் பிரிவில் எழுதிக் கொடுத்து, அந்த நாளின் வருகைத்தாளை எடுத்துப் பார்க்கச் சொல். ரிசல்ட் வந்து ஒரு மாதம் கழித்து வராதே. சூடு ஆறுவதற்குள் போனால் தேடுவார்கள்.

கேள்வி: வருகை 68 சதவீதம். ஹால் டிக்கெட் கிடைக்குமா?
மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: 75 இருந்தால் பேச்சே இல்லை. 65-க்கு மேல் 75-க்குள் என்றால், பல பல்கலைக்கழகங்களில் தக்க காரணமும் மருத்துவச் சான்றிதழும் காட்டி, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். மருத்துவச் சான்றிதழ் காய்ச்சல் அடித்த வாரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் வாங்கிய சான்றிதழை நாங்கள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவோம்.

கேள்வி: நன்றாக எழுதியும் மார்க் குறைந்துவிட்டது. மறுகூட்டலா, மறுமதிப்பீடா, எதற்குப் பணம் கட்டுவது?
எம்.ஏ. மாணவி, தூத்துக்குடி

பதில்: இரண்டுக்கும் முன்னால் உங்கள் விடைத்தாளின் நகலை வாங்குங்கள். வந்ததும் விடையைப் படிக்காதீர்கள், பக்கங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொரு விடைக்கும் மார்க் விழுந்திருக்கிறதா? உள்ளே போட்ட மார்க் முதல் பக்கக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா? கட்டங்களைக் கூட்டினால் மொத்தம் சரியா? நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதால் ஒரு பத்து மார்க் கேள்வி திருத்தப்படாமலே போயிருக்கிறது. இப்படி ஏதாவது இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். ஒன்றும் இல்லை, "இதற்கு ஏழு போட்டிருக்கலாம், ஐந்துதான் போட்டிருக்கிறார்" என்கிற வருத்தம் மட்டும்தான் என்றால், யோசித்துப் பணம் கட்டுங்கள்.

நகல் கேட்பது சலுகை இல்லை, உரிமை. சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு எதிரான ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தேர்வு எழுதியவரின் விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி "தகவல்"தான், அவர் அதைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. திருத்தியவர் யார் என்று கேட்க முடியாது. விடைத்தாளை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதோ, அதற்குள் கேட்டுவிட வேண்டும். அதன் பிறகு அது அரவைக்குப் போகும் லாரியில் ஏறியிருக்கும்.

கேள்வி: நாலு பாடத்தில் கிரேடு பாயின்ட் 8, 7, 9, 10. சராசரி 8.5. மார்க் ஷீட்டில் 8.08 போட்டிருக்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?
மாணவர், நாகர்கோவில்

பதில்: கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடையை, பெருக்க மறந்துவிட்டீர்கள். முதல் இரண்டு பாடத்துக்கும் நாலு நாலு கிரெடிட், மூன்றாவதற்கு மூன்று, பத்து வாங்கிய பாடத்துக்கு ஒன்று என்று நீங்கள் அனுப்பிய மார்க் ஷீட் நகலில் இருக்கிறது. 32, 28, 27, 10 கூட்டினால் 97. மொத்த கிரெடிட் 12-ஆல் வகுத்தால் 8.08. பத்து வாங்கியது ஒரு கிரெடிட் பாடத்தில். புகார் செய்ய ஆள் இல்லை.

கேள்வி: மகளின் மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால். டிஜிலாக்கரில் சேரவில்லை. தமிழில் அச்சான பெயரில் "ண" போய் "ன" வந்திருக்கிறது. பெரிய விஷயமா?
தாய், விருதுநகர்

பதில்: இன்றைக்குச் சின்ன விஷயம், மேற்படிப்புக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போகும்போது பெரிசு. கல்லூரியில் பெயர் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் ஏறும். அதனால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக இருந்தால் தவறு கல்லூரியுடையது. முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டோடு போய்த் திருத்தச் சொல்லலாம், சிரமம் இல்லை. அதிலேயே தவறு என்றால் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், அதற்குத் தனி அலைச்சல். ஆதாரில் பெயரை மார்க் ஷீட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவதுதான் பல வீடுகளில் சுலபமாக முடிகிறது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த, மாணவர் சேர்த்த கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கிலும் இதே பெயர்தான் ஒத்துப்போக வேண்டும்.

மகள் இப்போது எந்த செமஸ்டர் என்று நீங்கள் எழுதவில்லை. கடைசி செமஸ்டர் என்றால் இந்த வாரமே போங்கள். பட்டச் சான்றிதழ் அச்சுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலை மாணவர்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பக்கத்தில் தோழி பேசிக்கொண்டிருக்க, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடப் போகிறாள்.