விலையைச் சொல்லாத கடை

கேள்வி: வீட்டிலேயே துணிப்பைகள் தைத்து விற்கிறேன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் மூன்றிலும் தினமும் ஏதாவது போடுகிறேன். ஆரம்பத்தில் ஒரு வேகத்தில் காசு கொடுத்து 3,000 ஃபாலோயர்களை வாங்கினேன், இப்போது மொத்தம் 4,200 பேர். விலை கேட்டு நிறைய மெசேஜ் வருகிறது, சொன்னதும் ஆளைக் காணோம். மாதத்துக்கு நாலைந்து ஆர்டர்தான் தேறுகிறது. காசு கட்டிப் பதிவை விளம்பரமாக ஓட்டும் பூஸ்ட் போட்டால் சரியாகுமா?

பதில்: பூஸ்ட் பட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். விலை கேட்கிறார்கள், சொன்னதும் காணாமல் போகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இந்த நிலைமையில் விளம்பரத்துக்குக் காசைக் கொட்டினால் திரும்பிப் போகிற கூட்டம்தான் பெருகும்.

விலையைப் பதிவிலேயே போட என்ன தயக்கம்? 'விலைக்கு டிஎம் பண்ணவும்', அதாவது தனியாக மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள் என்று ஊரே எழுதுகிறது, எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறவருக்கு உங்கள் பை பிடித்துப்போகிறது, விலை கேட்டு ஒரு வரி அனுப்புகிறார், நீங்கள் காலையில் எழுந்து வேலையெல்லாம் முடித்துப் பதில் போடும்போது அவருக்குப் பையும் மறந்துவிட்டது, கேட்டதும் மறந்துவிட்டது. விலை, அளவு, எத்தனை கிலோ தாங்கும், துவைத்தால் சாயம் போகுமா, எத்தனை நாளில் வந்து சேரும், கூரியர் செலவு யாருடையது, எல்லாம் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும். விலையைப் பார்த்து நகர்ந்துவிடுகிறவர் எப்படியும் வாங்கப்போவதில்லை, அவருக்குப் பதில் எழுதுகிற நேரமாவது உங்களுக்கு மிச்சம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-லிருந்து இருக்கிறது, காசு கேட்காது. அதிலுள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் படங்களையும் விலையையும் ஏற்றி, லிங்க்கை இன்ஸ்டா பயோவில், அதாவது உங்கள் பெயருக்குக் கீழே வரும் அறிமுகத்தில், ஒட்டிவிடுங்கள்.

சரி, வாங்கிய அந்த 3,000 பேர். போட்ட காசு போனது போனதுதான். ஆனால் அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை, உங்களைக் கீழே இழுக்கிறார்கள். ஒரு பதிவை இன்னும் பலருக்குக் காட்டலாமா என்று முடிவு செய்ய, எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக் போட்டார்களா, அடுத்தவருக்கு அனுப்பினார்களா என்பதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறோம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். போலிக் கணக்கு எதையும் பார்க்காது, யாருக்கும் அனுப்பாது. அதனால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் பத்து, இருபதாக நீக்கிக்கொண்டே வாருங்கள். எண்ணிக்கை இறங்கும்போது வயிறு எரியத்தான் செய்யும்.

மூன்று இடமும் வேண்டாம். இதுவரை வந்த ஆர்டர்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள், அந்த ஒன்றில் மட்டும் நில்லுங்கள். தினமும் போட வேண்டும் என்றும் இல்லை, வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் அந்த இரண்டும் பையைப் பற்றிப் பேசட்டும், காலை வணக்கப் படங்கள் வேண்டாம். கைப்பிடியை நீங்கள் இரட்டைத் தையல் போட்டு இறுக்குவதை முப்பது விநாடி காட்டுங்கள். பத்து கிலோ ஏற்றித் தூக்கிக் காட்டுங்கள். பின்னால் சினிமாப் பாட்டு வேண்டுமே என்று தேடாதீர்கள், உரிமைப் பிரச்சினையால் பிசினஸ் கணக்குகளுக்குப் பல பாட்டுகள் கிடைக்காது. தையல் மெஷின் சத்தமே போதும், சொல்லப்போனால் அதுதான் நன்றாக இருக்கும்.

இதுவரை வாங்கியவர்களை எங்காவது குறித்து வைத்திருக்கிறீர்களா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம்போல முடங்கிக் கிடந்தன, வாங்கியவர்களின் நம்பரைக் கையில் வைத்திருக்காத கடைக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். ஒரு நோட்டுப் போட்டுப் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். புதுப் பை தைத்தால் தகவல் அனுப்பட்டுமா என்று கேட்டு, சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச் சேரும், அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒருமுறை வாங்கிய நாற்பது பேர், முகம் தெரியாத நாலாயிரம் பேரைவிட உங்களுக்கு வேலை கொடுப்பார்கள்.

அப்புறம் பூஸ்ட். விலை போட்ட பதிவு ஒன்று தானாகவே இரண்டு மூன்று ஆர்டர் கொண்டு வந்ததென்றால் அதை மட்டும், நஷ்டமானாலும் தூக்கம் கெடாத ஒரு சின்னத் தொகைக்கு, ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். என்ன நோக்கம் என்று அது கேட்கும்போது புரொஃபைலுக்கு ஆள் வருவதைத் தேர்ந்தெடுக்காமல் மெசேஜ் வருவதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், லைக் கணக்கு வேண்டாம், எத்தனை பை போனது என்று மட்டும்.