தூக்கிப் பழகிய கைகளுக்கு ரக்பியில் வேலை இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 19 வயது. சின்ன வயதிலிருந்தே அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ். பெண்கள் ஜோடிப் பிரிவில் நான் பேஸ், கீழே நின்று தூக்குபவள். இப்போது கல்லூரி ரக்பி பயிற்சியாளர், "ஜிம்னாஸ்ட் தானே, விங்கில் பறப்பாய், வா" என்று கூப்பிடுகிறார். விங் என்றால் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேகமாக ஓடுகிற இடம். சில நாள் ஆடிப் பார்த்தேன், ரொம்பப் பிடித்துவிட்டது. இத்தனை வருட உழைப்பு வீணாகிவிடுமா? எடை போட வேண்டும் என்கிறார்கள், அது பயமாக இருக்கிறது. என் ஜோடிப் பெண்ணுக்கு 15 வயது, அவளை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: வீணாகாது. ஆனால் உங்கள் பயிற்சியாளர் நினைக்கிற இடத்தில் அது பெரிதாக உதவப் போவதும் இல்லை. ஜிம்னாஸ்ட் என்றாலே காற்றில் பறப்பவள் என்று நினைத்துக்கொள்கிறார், பாவம், நீங்கள் பறக்கவிட்டவர். நீங்கள் ஆடிய தளம் 12 மீட்டர் சதுரம், மூலைக்கு மூலை ஓடினால்கூட 17 மீட்டர்தான், அதுவும் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். விங்கில் நிற்பவள் அறுபது எழுபது மீட்டர் தலைதெறிக்க ஓடிவிட்டு, மூச்சு வாங்குவதற்குள் திரும்பி வந்து தன் இடத்தில் நிற்க வேண்டும். அந்த ஓட்டத்தை நீங்கள் ஆரம்பத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடம் லைன்-அவுட்டைப் பற்றித்தான் பேசுவேன். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் உள்ளே எறிவார்களே, அப்போது ஒருத்தி குதிக்க, முன்னும் பின்னும் நிற்கிற இரண்டு பேர் அவளை மேலே ஏற்றிப் பிடிப்பார்கள். முன்னால் நிற்பவள் தொடைக்குக் கீழே பிடிக்கக் கூடாது, பின்னால் நிற்பவள் ஷார்ட்ஸுக்குக் கீழே பிடிக்கக் கூடாது, வேலை முடிந்ததும் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட வேண்டும், இதெல்லாம் விதியிலேயே இருக்கிறது. முதுகை வளைக்காமல் காலால் தூக்குவது, குதிப்பவள் தரையை விடுகிற அந்த நொடியில் தள்ளுவது, முழங்கையைப் பூட்டி அசையாமல் நிற்பது, கண்ணை மேலே வைத்திருப்பது என்று மற்றவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற விஷயங்கள் உங்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆள் கனமாக இருப்பாள், ஆனால் தூக்க இரண்டு பேர் இருக்கிறீர்கள். 15 பேர் ஆட்டத்தில் ஃப்ளாங்கராக, அதாவது இரு அணியும் கோத்து நின்று தள்ளுகிற ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவளாகத் தொடங்குங்கள். ஸ்க்ரம்மின் முன்வரிசைக்கு அவசரப்படாதீர்கள், தனிப் பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தவே கூடாது.

மறக்க வேண்டியவையும் உண்டு, அதுதான் கஷ்டம். விழும்போது உங்கள் கை தானாகத் தரைக்குப் போகும். ரக்பியில் பந்தை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு தோளையும் பக்கவாட்டையும் கொடுத்து விழப் பழகாவிட்டால் மணிக்கட்டோ தோள்மூட்டோ போய்விடும். டாக்கிள் செய்யும்போது, அதாவது பந்து வைத்திருப்பவளைப் பிடித்து வீழ்த்தும்போது, தலையை எதிராளியின் உடம்புக்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது, அது எப்போதும் பக்கவாட்டில். இதை மெதுவாக, பாயில் மண்டியிட்டுக் கற்றுக்கொடுக்கிறவரிடம் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று ஜிம்னாஸ்டுகள் பல்லைக் கடிக்கிற பழக்கம் இங்கே ஆபத்து.

அப்புறம், இத்தனை வருடமும் ஒரே இசைக்கு ஒரே வரிசையில் செய்து மெருகேற்றியிருப்பீர்கள். இங்கே எதிரணி உங்கள் திட்டத்தைக் கலைக்கத்தான் வந்திருக்கிறது, முதல் சில மாதம் எரிச்சலாக இருக்கும். நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் நெட்பாலிலிருந்து ரக்பிக்கு வந்து, அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸில் 2 ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று யாராவது உற்சாகப்படுத்துவார்கள். உண்மைதான், ஆனால் அவர் கையில் முன்பே பந்து இருந்தது, உங்கள் கையில் இருந்தது ஒரு பெண்ணின் பாதம். தினமும் கொஞ்ச நேரம், ஓடிக்கொண்டே, இரு பக்கமும் பாஸ் செய்து பழகுங்கள்.

எடை விஷயம். நீங்கள் பேஸாக இருந்தும் இந்தப் பயம் இருக்கிறதென்றால் அந்த ஜிம்மில் யாரோ விதைத்திருக்கிறார்கள். மோதுகிற ஆட்டத்தில் எடையும் தசையும் உங்களுக்குப் பாதுகாப்பு. ஒன்று மட்டும் நேராகக் கேட்கிறேன், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தால், போதுமான அளவு சாப்பிடாததால் எலும்பும் பலவீனமாகியிருக்கலாம். முதல் டாக்கிளுக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக உங்கள் ஜோடி. ஒருத்தி விலகினால் இன்னொருத்தியின் சீசனே போய்விடுகிற விளையாட்டு இது, உங்களுக்கு மனசு வராதது சரிதான். ஆனால் அவள் இன்னும் கொஞ்சம் உயரம் வளர்ந்தால் இந்த ஜோடி எப்படியும் பிரியும், இது அவளுக்கும் தெரிந்திருக்கும். ஒப்புக்கொண்ட போட்டியை முடித்துக் கொடுங்கள், அதுவரை டாக்கிள் பயிற்சி வேண்டாம், ஓட்டமும் பாஸும் போதும். பயிற்சியாளர் வழியாக அவள் காதுக்குப் போவதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அழுவாள், அழட்டும். அடுத்த பேஸைத் தேடும்போது கூட இருந்து, அவளை எப்படிப் பிடித்தால் அவளுக்குப் பயம் வராது என்பதைப் புதியவளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.