'ரொமோலா' முழு நாவல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

முதுகலை ஆங்கிலம் படிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது. ஜார்ஜ் எலியட்டின் 'ரொமோலா'வை இணையத்தில் மலிவாக வாங்கியிருக்கிறார். 250 பக்கம்தான் இருக்கிறதாம், விற்றவரோ முழு நாவல்தான் என்று சாதிக்கிறார். இதை வைத்து ஆய்வேடு எழுதலாமா, அதில் வருவதை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து வரலாறாகக் காட்டலாமா என்று கேட்கிறார்.

அந்தப் புத்தகத்தை வைத்து எழுதாதீர்கள் அம்மா. இப்போதே எடுத்துப் பாருங்கள்: தொடக்கத்தில் 'புரோயம்' என்றொரு முகப்புப் பகுதி, அப்புறம் 72 அத்தியாயங்கள், கடைசியில் 1509 மே மாதத்தில் நடக்கும் முடிவுரை, எல்லாம் இருக்க வேண்டும். சாதாரண எழுத்தில் அச்சிட்டால் 500 பக்கத்தைத் தாண்டுகிற நாவல் இது. உங்களிடம் இருப்பது சுருக்கமாக இருக்கலாம், அல்லது ஒரே ஒரு பாகமாக இருக்கலாம். 1863இல் இது மூன்று பாகமாக வெளிவந்தது. அந்தப் பழைய புத்தகத்தில் ஒன்றை ஸ்கேன் செய்து, பிழைகூடப் பார்க்காமல், மேலே பளபளவென்று ஓர் அட்டை போட்டு முழுப் புத்தகம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எலியட் 1880இலேயே இறந்துவிட்டார், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், கேட்பாரில்லை. இதே நாவல் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் முழுசாக, இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுப்பதென்றால் குறிப்புகளோடு வரும் பென்குயின் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புக்குக் கொடுங்கள். பாடத்திட்டத்தில் நாவல் பெயரை மட்டும் போட்டுவிட்டு எந்தப் பதிப்பு என்று ஒரு வரி சேர்க்காத பல்கலைக்கழகங்கள்மீதுதான் எனக்குக் கோபம். அந்த ஒரு வரி இருந்தால் பிள்ளைகள் இப்படி ஏமாற மாட்டார்கள்.

சரி, வரலாறு. கதை 1492 ஏப்ரல் 9 அன்று தொடங்குகிறது, நகரைத் தன் பிடியில் வைத்திருந்த லொரென்சோ தெ மெடிச்சி இறந்த மறுநாள். 1494இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் நகருக்குள் வந்ததும், 1498 மே 23 அன்று சவொனரோலா என்ற துறவியைத் தூக்கிலிட்டு எரித்ததும் நடந்தவை. ரொமோலா, அவள் கணவன் டிட்டோ, டிட்டோ கைவிட்ட வளர்ப்புத் தந்தை பால்தசாரே ஆகியோர் கற்பனை. மாமனார் சேர்த்துவைத்த நூலகத்தை டிட்டோ விற்றுவிடுவதும் கற்பனைதான். அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி நிஜ மனிதர், ஆனால் நாவலில் அவர் பேசுகிற பேச்சு எலியட் எழுதியது. எலியட் இரண்டு தடவை ஃபிளாரன்ஸ் போய், பழைய நூல்களைத் தேடிப் படித்து எழுதியவர் என்பது உண்மை. அதற்காக உரையாடலைச் சான்றாக்க முடியாது.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு, அதை நன்றாகக் கவனியுங்கள். 71ஆம் அத்தியாயம். சித்திரவதை செய்து சவொனரோலாவிடம் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் அந்தக் காலத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அதை எழுதிய எழுத்தர் செர் செக்கோனே நிஜ ஆள், அவர் வாக்குமூலத்தைத் திருத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டும் வரலாற்றில் உண்டு. நாவலில் ரொமோலா அந்த அச்சுத் தாளை வைத்துக்கொண்டு, எந்தச் சொல் சவொனரோலாவுடையது, எது பிறர் நுழைத்தது என்று வரி வரியாக யோசிக்கிறாள். அதாவது ஆவணத்தை எப்படிச் சந்தேகப்படுவது என்பதையே எலியட் அங்கே கதையாக்குகிறார். எனவே இந்த அத்தியாயத்தை 'எலியட் வரலாற்றை எப்படி வாசித்தார்' என்பதற்குச் சான்றாகத் தாராளமாகக் காட்டலாம். வாக்குமூலத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும் இதைக் காட்டாதீர்கள், அதற்கு வரலாற்று நூலுக்குத்தான் போக வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு பத்தியில் தெளிவாக எழுதினாலே உங்கள் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

கல்லூரி வாசலில் 'ப்ராஜெக்ட் முடித்துத் தரப்படும்' என்று போர்டு வைத்திருப்பவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். கதைச் சுருக்கத்தை நாலு கைடிலிருந்து ஒட்டித் தருவார்கள், வாய்மொழித் தேர்வில் மாட்டுவது நீங்கள்தான். புத்தகத்தைத் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் போடுங்கள், பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.