செல் வெடிக்காது; அம்மாவின் சோடியத்தைப் பாருங்கள்

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, அதன் கடைசிப் பத்தியில் இருந்த ஒரே ஒரு வரிக்காக, அம்மாவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்படி உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்கும் சேர்த்து. இதே மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டு, இதே பயத்தோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் ஆர்.ஓ. தண்ணீரைப் பற்றித்தான். தாது இல்லாத தண்ணீர் செல்லுக்குள் புகுந்து அதை ஊதி வெடிக்க வைத்துவிடும் என்று யாரோ ஒருவர் சோதனைக் குழாயோடு விளக்கினாராம். அம்மாவுக்குக் கணுக்கால் வீங்குவதும், துணி அலசினால் விரல் நுனி சுருங்குவதும் அதனால்தானா, சிறுநீரகமும் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். பிறகு, போகிற போக்கில் எழுதியிருப்பது இது: அம்மாவுக்கு வயது 67. பத்து ஆண்டாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இரண்டு மாதமாக அதோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை. வீடியோவின் யோசனைப்படி ஆர்.ஓ.வை நிறுத்திவிட்டு, உள்ளே தங்கிய நச்சைக் கழுவ மூன்று வாரமாகத் தினம் ஆறு லிட்டர் காரத் தண்ணீர் (அல்கலைன் வாட்டர்). உணவில் உப்பு அறவே கிடையாது. இரவில் பழம் மட்டும். நான்கைந்து நாளாகக் காலையில் தலைவலி, குமட்டல். முந்தாநாள் உங்களை, காலமான தன் தங்கையின் பெயர் சொல்லி அழைத்தார். "வயதானால் மறதி வரத்தானே செய்யும், அதை விடுங்கள்" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

அதை நான் விடமாட்டேன். மற்றவற்றை விட்டுவிடலாம்.

முதலில் அந்தச் சோதனைக் குழாய். அது பொய்யல்ல. மருத்துவப் படிப்பின் முதல் ஆண்டில் எல்லாரும் செய்வதுதான். ஒரு குழாயில் 0.9 சதவீத உப்புக் கரைசல், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீர். இரண்டிலும் சில சொட்டு ரத்தம் விட வேண்டும். முதல் குழாய் கலங்கலாகவே இருக்கும். பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் ஓர் எழுத்தும் தெரியாது. இரண்டாவது குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்துவிடும். நிறம் என்னவோ சிவப்புதான். ஆனால் பின்னால் இருக்கும் எழுத்தைத் தடுமாறாமல் படிக்கலாம். ஒளியை மறித்துக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி உடைந்து, உள்ளே இருந்த ஹீமோகுளோபின் கரைந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். கரைசலில் உப்பை 3 சதவீதமாக ஏற்றினால் நேர்மாறு: அணுக்கள் நீரை இழந்து, ஓரமெல்லாம் முள்முள்ளாகச் சுருங்கிவிடும்.

காரணம் எளிது. செல்லைச் சுற்றியிருப்பது கொழுப்பாலான இரட்டை அடுக்குச் சவ்வு. மின்னூட்டம் கொண்ட சோடியமும் பொட்டாசியமும் அதை எளிதில் கடக்க முடியாது. அவற்றுக்கென்று தனிக் கால்வாய்களும் பம்புகளும் உண்டு. ஒரு பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் சோடியம் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே, பொட்டாசியம் உள்ளே. தண்ணீருக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அக்வாபோரின் என்ற புரதக் குழாய் ஒன்றின் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போய்விடும். (1992-இல் பீட்டர் ஏகர் இதைக் கண்டுபிடித்தது ரத்தத்தின் ஆர்.எச். வகைப் புரதத்தைத் தேடப்போன இடத்தில். தேடாமல் கிடைத்ததற்கு 2003-இல் நோபல் பரிசு.) உப்பு நின்ற இடத்தில் நிற்க, தண்ணீர் மட்டும் தாராளமாகப் போய்வந்தால், கரைபொருள் செறிவு அதிகமுள்ள பக்கத்துக்குத்தான் அது போகும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. குடிக்கும் தண்ணீர் நேராகப் போய்ச் சிவப்பணுவின் மேல் விழுவதில்லை. ஒரு நாளில் நம் சிறுகுடலுக்குள் எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் வருகிறது. அதில் நாம் குடிப்பது சுமார் இரண்டு லிட்டர், மீதி நம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர். எல்லாமே உப்புள்ள நீர். நீங்கள் குடித்த ஆர்.ஓ. தண்ணீர் அதில் கலந்து, சமநிலைக்கு வந்து, பிறகுதான் ரத்தத்தில் சேர்கிறது. காய்ச்சி வடித்த நீரை நரம்பு வழியே ஏற்றினால் சிவப்பணு உடையும். அதனால்தான் எந்த மருத்துவமனையிலும் அதை அப்படியே ஏற்றுவதில்லை. டம்ளரில் ஊற்றிக் குடிப்பது வேறு கதை. தாதுக்களைப் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் பெறுகிறோம். காரத் தண்ணீரின் காரம் இரைப்பையின் அமிலத்தைத் தாண்டுவதற்குள் காணாமல் போய்விடும். அதற்குச் செலவழித்த பணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

விரல் சுருங்குவதைச் செல் சவ்வின் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் நீரை உறிஞ்சி உப்புவதால் சுருங்குகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையென்றால், நரம்பு அறுபட்ட விரலும் சுருங்க வேண்டுமல்லவா? சுருங்குவதில்லை. 1930-களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். நீரில் ஊறும்போது தானியங்கி நரம்புகள் விரல் நுனியின் ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. உள்ளே கன அளவு குறைந்து மேல்தோல் மடிகிறது. கையில் அடிபட்டுப் பேச முடியாத சிறு குழந்தைக்கு நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விரலை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துப் பார்ப்பதுகூட உண்டு. அம்மாவின் விரல் சுருங்கவில்லை என்று எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

கணுக்கால் வீக்கத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அம்லோடிபினை. அது நுண்ணிய தமனிகளை விரிப்பதால் தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. மாலையில் வீங்கி, காலையில் வடியும். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் என்ற ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, சந்தேகம் தீர்ந்துவிடும். வீக்கத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் தரும் நீர் மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். சிறுநீர் நிறமே இல்லாமல் தண்ணீர்போல் போவது நச்சு வெளியேறுவதன் அடையாளமும் அல்ல, மிதமிஞ்சிக் குடிக்கிறார் என்பதன் அடையாளம்.

இப்போது அந்த வரி.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இது குறைந்தால் செல்லுக்கு வெளியே நீர்த்துப் போகிறது. உள்ளே செறிவு அதிகம். தண்ணீர் உள்ளே போகிறது. காலிலோ கையிலோ உள்ள செல் சற்று உப்பினால் பரவாயில்லை, தோல் விரிந்து கொடுக்கும். மூளை மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. அது உப்புவதற்கு இடமில்லை. முதலில் தலைவலி, குமட்டல். பிறகு நடையில் தள்ளாட்டம், சோர்வு, பெயர் மாறுவது, நாள் மாறுவது. அடுத்தது வலிப்பு, நினைவிழப்பு. உங்கள் அம்மா இந்தப் படிக்கட்டில் பாதி தூரம் வந்துவிட்டார் என்பதுதான் என் பயம். மறதிநோய் நான்கு நாளில் வராது. குழப்பம் திடீரென்று வந்தால், அதுவும் தலைவலி, குமட்டலோடு வந்தால், வயதின் மேல் பழி போடாதீர்கள்.

ஆறு லிட்டரைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடாதா என்று கேட்பீர்கள். ஆரோக்கியமான சிறுநீரகம் தள்ளிவிடும். மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வரைகூடச் சமாளிக்கும். ஆனால் வெறும் தண்ணீரை அதனால் வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் சிறுநீரோடு குறைந்தது 50 மில்லியாஸ்மோல் (கரைந்திருக்கும் பொருள்களை அளக்கும் அலகு) அளவுக்காவது உப்பும் யூரியாவும் சேர்ந்து போக வேண்டும். உப்பைச் சுத்தமாக நிறுத்தி, புரதத்தையும் குறைத்து, பழத்தோடு படுத்தால் அதற்குச் சரக்கு எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு அந்த நீர் மாத்திரை. சிறுநீரை நீர்க்கச் செய்யும் பகுதியில்தான் அது சோடியத்தை மறித்து நிற்கிறது. மாத்திரை வேலை செய்யும்வரை சிறுநீரை முழுதாக நீர்க்கச் செய்ய முடியாது. உப்பு போகும், தண்ணீர் தங்கும். பெயரில் 'நீர்' இருப்பதால் எவ்வளவு குடித்தாலும் அது இறக்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு, நடப்பது தலைகீழ். வயதான பெண்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில், இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆக, செல்லுக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்ற பயத்தில் ஆரம்பித்த வைத்தியம், மூளைச் செல்லுக்குள் தண்ணீரைப் புகுத்தியிருக்கிறது. ஆர்.ஓ.வா காரத் தண்ணீரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது முதியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தை ஓட்டம் முடிந்த இடத்திலேயே எடுத்துப் பார்த்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களுக்கே ஆபத்து அதிகம்.

சோடியம்தானே குறைவு, ஒரு கரண்டி உப்பைக் கரைத்துக் கொடுத்துவிடலாம் என்று இதைப் படிக்கும் யாராவது இப்போதே எழுந்திருப்பீர்கள். உட்காருங்கள். குழப்பத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சோடியம் குறைந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் மூளைச் செல்கள் உள்ளிருக்கும் பொட்டாசியத்தையும் வேறு சில கரைபொருள்களையும் வெளியேற்றி, வீக்கத்தை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். அந்த நிலையில் வெளியே சோடியத்தைத் தடாலென்று ஏற்றினால் தண்ணீர் மூளைச் செல்லைவிட்டு ஓடிவரும். நரம்புகளின் மேலுறை உரிந்துபோகும். பேச்சும் விழுங்குவதும் கைகால் அசைவும் நிரந்தரமாகப் போகலாம். அதனால்தான் மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்கு எட்டு மில்லிமோலுக்கு மேல் போகாதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். வலிப்பு வந்தவருக்கு மட்டும் முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றுவார்கள், அதுவும் கண்காணிப்பில். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் சலைன் போட்டுக்கொண்டு வருவதும் சரியல்ல. சோடியம் குறையக் காரணம் என்ன என்பதைப் பொறுத்து, அந்தச் சலைனே அதை இன்னும் குறைத்துவிடலாம்.

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கலாமா என்று அடிக்குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். வயிற்றுப்போக்குக்கு அதைப்போல மருந்து இல்லை. குடல் சவ்வில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து ஒரே வாசலில் நுழைய, தண்ணீர் பின்னாலேயே வரும். 1960-இல் ராபர்ட் கிரேன் சொன்ன இந்தக் கருத்தின் மேல்தான் அந்தப் பொட்டலமே நிற்கிறது. (ருசிக்கு இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்ப்பவர்களே, குடலுக்குள் செறிவு ஏறி, தண்ணீர் எதிர்த் திசையில் வந்து, பேதி கூடும்.) ஆனால் அதில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான், ரத்தத்தில் இருப்பதில் பாதி. தண்ணீர் கூடிப்போனவருக்கு இன்னும் தண்ணீர் எதற்கு?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூடுதல் தண்ணீரை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அடுத்த நீர் மாத்திரையைக் கொடுக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சோடியம், பொட்டாசியம் பரிசோதனையின் முடிவு அன்றே தெரிந்துவிடும். வலிப்பு வந்தாலோ, தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையோ வலிப்புக்கான கார்பமசெபினோ இருந்தால் மறக்காமல் காட்டுங்கள், அவையும் சோடியத்தைக் குறைக்கும். ஆறு லிட்டர் கதையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் காரணத்தைத் தேடியே பொழுது போகும்.

பிறகு எவ்வளவு குடிக்கலாம்? தாகம் எடுத்தால் குடிக்கட்டும். மூளையில் இருக்கும் உணர்விகள் ரத்தச் செறிவில் ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தையே கண்டுகொள்ளும். முதியவர்களுக்குத் தாகம் சற்று மந்தம். ஆகவே சாப்பாட்டு வேளைகளில் ஒரு டம்ளரை நீங்களே எடுத்து வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர் அறவே நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார். நீர் மாத்திரையைத் தொடர்வதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். இரவில் பழத்தோடு சாப்பாடும் போடுங்கள். அம்மா வீடு திரும்பியதும், கழற்றி வைத்த அந்த ஆர்.ஓ. கருவியை மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.