தொப்பியில் யார் பெயர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் ஹைடா பழங்குடியினரின் தொப்பிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஓவியர் சார்லஸ் எடன்ஷாவைவிட, மர வேரால் தொப்பி பின்னிய அவர் மனைவி இசபெல்லாவைப் பற்றித்தான் அதிகம் இருந்தது. ஓவியம்தானே அதைக் கலையாக்குகிறது? கித்தானை நெய்தவர் பெயரை யாராவது ஓவியத்துக்குக் கீழே போடுகிறார்களா? அப்புறம், அந்தத் தொப்பிகள் உண்மையிலேயே சடங்குக்குச் செய்தவையா?

ர.

அன்புள்ள ர.,

கித்தானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் நிற்க முடியாது, அங்கேயே உங்கள் உவமை நொண்டுகிறது. ஹைடா மக்களின் தாயகமான ஹைடா குவாய் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுக்கூட்டம், மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேரைத் தோண்டி எடுத்து, நெருப்பில் வாட்டி, பிளந்த குச்சியின் இடுக்கில் இழுத்துத் தோலை உரித்து, நீளவாக்கில் கீறி, உலர்த்தி, பின்னும் நேரத்தில் மறுபடி ஊறவைத்து நெருக்கமாகப் பின்னுகிறார்கள். மழையில் நனைந்தால் வேர் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். விளிம்புப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், வரிவரியாக மேடும் பள்ளமுமாக ஒரு கோலம் தெரியும். அதில் வண்ணம் கிடையாது, இழைகளைத் தாண்டித் தாண்டிப் பின்னியே வரவழைத்தது. அதை வரைந்தவர் யார் என்கிறீர்கள்?

ஹைடா வழக்கத்தில் பின்னுவது பெண்கள், தீட்டுவது ஆண்கள். இசபெல்லா பின்னினார், சார்லஸ் கறுப்பும் சிவப்புமாகத் தீட்டினார். தொப்பியின் உச்சியில் அவர் போடும் நான்கு முனை நட்சத்திரத்தை வைத்தே அவர் வேலையை அடையாளம் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பின்னல் தொடங்குவதும் அந்த உச்சியில்தான். இசபெல்லா முதல் இழையைப் போட்ட இடத்தின் மேல்தான் கணவரின் முத்திரை உட்கார்ந்திருக்கிறது! இன்னொன்று: ஹைடா சமூகம் காகம், கழுகு என்று இரண்டு பிரிவு, தாய்வழி. மரபுப்படி ஒரே பிரிவுக்குள் திருமணம் கிடையாது. சார்லஸ் கழுகு, இசபெல்லா காகம். ஒவ்வொரு தொப்பியும் இரண்டு பிரிவின் கைகளையும் தாண்டித்தான் வந்திருக்கிறது.

சடங்கா என்று கேட்டது நல்ல கேள்வி, கட்டுரையில் நான் பூசி மெழுகிவிட்டேன். தலைவர்கள் குலச்சின்னம் தீட்டிய தொப்பியைப் பொட்லாட்ச் என்ற, பரிசுகளை வாரி வழங்கும் சடங்கு விருந்துகளில் அணிந்தது உண்மை. ஆனால் அந்த விருந்துகளைக் கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. சார்லஸ் 1920-இலும் இசபெல்லா 1926-இலும் இறந்தார்கள், அதாவது தடை நீங்கியதை இருவருமே பார்க்கவில்லை. அவர்கள் செய்ததில் நிறைய, வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்கச் செய்ததுதான். விற்பனைக்கு என்பதால் பின்னலில் சலுகை காட்டினார்களா என்றால், எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்கள் பார்த்த படத்திலேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

உச்சியில் அடுக்கடுக்காக வளையம் வைத்த தொப்பிகள் தனிக் கதை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன், இதுவே நீண்டுவிட்டது.