மந்திரமும் பூதமும் காதலும்: 16 வயது மகளுக்கு எதை வாங்கித் தரலாம்?

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். வயது 16. ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன் எல்லாம் எப்போதோ முடித்துவிட்டாள். போன வாரம் தோழியிடமிருந்து 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' தொடரின் இரண்டாம் பாகத்தை வாங்கி வந்தாள். சும்மா நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டினேன், தூக்கிவாரிப் போட்டது. கேட்டால், "மந்திரம், பூதம், கொஞ்சம் காதல், அவ்வளவுதாம்மா" என்கிறாள். படிக்கிற பிள்ளையைத் தடுக்கவும் மனம் வரவில்லை. இந்த மூன்றும் இருக்கிற, அவள் வயதுக்கு ஏற்ற புத்தகங்கள் உண்டா? எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

உங்கள் மகள் கொண்டுவந்த தொடரையே எடுத்துக்கொள்வோம். சாரா ஜே. மாஸ் எழுதிய முதல் பாகம் 2015-ல் பதின்வயதினருக்கான நாவலாகத்தான் வெளிவந்தது. 2020-ல் அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக மறுபடி வெளியிட்டார்கள். கடைகளிலோ பல இடங்களில் அது இன்னும் பழைய அலமாரியிலேயே, பள்ளிப் பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. நடைபாதைக் கடையில் கேட்கவே வேண்டாம், எல்லாம் ஒரே குவியல். அந்தத் தொடரில் முதல் பாகம் ஓரளவு அடக்கமானது. இரண்டாவதில் படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே வருகின்றன. 2021-ல் வந்த 'எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்' முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கானது. நீங்கள் அதிர்ந்ததில் தவறே இல்லை.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' இன்னொரு உதாரணம். 2023-ல் வந்து உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது. டிராகன்மேல் ஏறிப் பறக்கப் பயிற்சி தரும் போர்க் கல்லூரிதான் கதைக்களம். கல்லூரி, டிராகன் என்றதும் ஹாரி பாட்டரின் அக்கா என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். நாயகிக்கு 20 வயது. எழுதியதே பெரியவர்களுக்காக. கதையின் பிற்பகுதியில் விவரமான காட்சிகள் உண்டு. இன்ஸ்டாகிராமில் காதலும் மந்திர உலகமும் கலந்த இந்த வகையை 'ரொமான்டஸி' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடையில் 14 வயதுக்கானதும் இருக்கும், 24 வயதுக்கானதும் இருக்கும்.

எழுத்தாளர் பெயரை நம்பி வாங்கலாமா என்றால் அதுவும் கைகொடுக்காது. லீ பார்டூகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' பதின்வயதினருக்கு நான் முதலில் சொல்லும் நாவல். அதே பார்டூகோ 2019-ல் எழுதிய 'நைன்த் ஹவுஸ்' யேல் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஆவிக்கதை. போதை மருந்தும், சிறுமியின்மேல் நடக்கும் பாலியல் வன்முறையும் அதில் இருக்கின்றன. முதல் நாவல் பிடித்துப்போன பிள்ளை இரண்டாவதைத் தானாகவே தேடிப் போவாள். அதனால் 'நைன்த் ஹவுஸ்' என்ற தலைப்பை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? கிண்டிலில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்கள் இதற்குப் பயன்படாது. அவை தொடக்க அத்தியாயங்கள், அங்கே எல்லோரும் சாதுவாகத்தான் இருப்பார்கள். தொடர் நாவல் என்றால் கடைசிப் பாகத்தைப் பற்றி முதலில் விசாரியுங்கள். பாகம் போகப் போகப் பாத்திரங்களுக்கு வயது ஏறும், காட்சிகளும் கூடும். மாஸின் இன்னொரு தொடரான 'த்ரோன் ஆஃப் கிளாஸ்' இதற்கு நல்ல உதாரணம். 2012-ல் வந்த முதல் பாகத்தை 15 வயதுப் பிள்ளைக்குக் கவலையில்லாமல் தரலாம். ஐந்தாம் பாகத்துக்கு வரும்போது நிலைமை வேறு.

'காமன் சென்ஸ் மீடியா' என்ற தளம் பெற்றோருக்காகவே புத்தகங்களுக்கு வயது வரம்பு சொல்கிறது. சற்றுக் கண்டிப்பான தளம்தான், அதன் கணக்கில் ஒன்றிரண்டு வயதைக் குறைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. 'ஸ்டோரிகிராஃப்' தளத்தில் வாசகர்களே எந்தெந்த நூலில் என்னென்ன மனதைப் பாதிக்கும் விஷயங்கள் வருகின்றன என்று பட்டியல் போடுகிறார்கள். சமூக ஊடகத்தில் மிளகாய்ப் படம் போட்டு 'ஸ்பைஸ்' அளவு, அதாவது படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு என்று சொல்வதையும் பார்க்கலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு மிளகாய் என்பது இன்னொருவருக்கு மூன்றாகத் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். படுக்கையறைக் காட்சி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துப் புத்தகத்தைத் தள்ளுவதோ கொள்வதோ எனக்கு உடன்பாடில்லை. முத்தக் காட்சிக்குப் பதறும் நாம், ஒருவன் இன்னொருவன் கண்ணைப் பிடுங்குவதை 'சும்மா சண்டை' என்று கடந்துபோகிறோம். நான் பரிந்துரைக்கும் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' நாவலிலேயே அப்படி ஒரு காட்சி இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காதலிலும் அப்படித்தான். எத்தனை முத்தம் என்று எண்ணுவதைவிட, அந்தக் காதலில் பெண்ணால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் அது மதிக்கப்படுகிறதா என்று பாருங்கள். இந்த வகை நாவல்களில் காதலனுக்கு 500 வயது, காதலிக்கு 19 என்பதெல்லாம் சர்வ சாதாரணம். அவன் மன்னன், மந்திரம் தெரிந்தவன்; அவள் அவன் மாளிகையில் கிட்டத்தட்டக் கைதி. உங்கள் மகள் படிக்கும் தொடரின் முதல் பாகத்தில், நாயகிக்கு மயக்க மது கொடுத்துச் சபையில் ஆடவிடுகிறான் ஒருவன். பின்னால் அவன்தான் நாயகனாகிறான். 'அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான்' என்று கதை காரணம் சொல்கிறது. விவரமான காட்சிகளைவிட இந்தக் காரணம் பற்றித்தான் மகளிடம் பேச வேண்டும் என்பேன். 16 வயதுப் பெண்ணுக்கு இதில் நிச்சயம் ஒரு கருத்து இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இனி வாங்க வேண்டியவை.

'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' 2015-ல் வந்தது. கெட்டர்டாம் என்ற துறைமுக நகரம், ஒரு பெரிய திருட்டு வேலைக்காக ஒன்றுசேரும் ஆறு இளைஞர்கள், யாராலும் நுழைய முடியாத ஒரு பனிக்கோட்டை. மந்திர சக்தி உள்ளவர்களை வெறிபிடிக்க வைக்கும் ஒரு மருந்தைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. கூட்டத்தின் தலைவன் காஸ் பிரெக்கருக்கு மனிதத் தோல் தன்மேல் பட்டாலே உடல் நடுங்கும்; எப்போதும் கையுறையோடுதான் இருப்பான். அவன் விரும்பும் இனேஜ், கடத்தப்பட்டு விலைமாதர் இல்லத்தில் விற்கப்பட்டு அங்கிருந்து மீண்டவள். தொட முடியாத இருவருக்கு நடுவே ஒரு காதலை எழுதி, கையுறையைக் கழற்றுவானா மாட்டானா என்பதிலேயே வாசகரைப் பதற வைக்கிறார் பார்டூகோ. இனேஜின் கடந்த காலம் கனமானது, ஆனால் காட்சியாக விவரிக்கப்படுவதில்லை. 15 வயதுக்கு மேல் தாராளமாகத் தரலாம்.

பூதமும் பேயும்தான் அவளுக்கு முக்கியம் என்றால் ஆஸ்திரேலிய எழுத்தாளர் கார்த் நிக்ஸின் 'சாப்ரியல்'. 1995-ல் வெளியானது, இப்போதும் இதற்கு ஈடு குறைவு. சாவு இதில் ஓர் ஆறு. அதிலிருந்து எழுந்து வரும் பிணங்களை ஏழு மணிகளை அடித்துத் திரும்ப அனுப்புவது நாயகியின் குடும்பத் தொழில். மிகச் சிறிய மணி கேட்பவரைத் தூங்க வைக்கும். மிகப் பெரியது, கேட்பவர் எல்லோரையும், அடித்தவரையும் சேர்த்தே, சாவுக்குள் தள்ளிவிடும். சாப்ரியலுக்கு 18 வயது. பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் காணாமல் போன அப்பாவைத் தேடிப் புறப்படுகிறாள். கூடவே ஒரு வெள்ளைப் பூனை, அது உண்மையில் பூனை இல்லை. காதல் கொஞ்சம்தான், கண்ணியமானது. பயம்தான் அதிகம். இருட்டில் தனியாகப் படுக்கத் தயங்கும் பிள்ளை என்றால் பகலில் படிக்கச் சொல்லுங்கள்.

காதல்தான் தூக்கலாக வேண்டும் என்கிறாளா? ஹாலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்', 2018. மாய இனத்தவரின் அரண்மனையில் வளரும் மனிதப் பெண் ஜூட். பெற்றோரைக் கொன்றவனே அவளை வளர்க்கிறான். அவளை ஓயாமல் சீண்டி அவமானப்படுத்தும் இளவரசன் கார்டன்மேல் வெறுப்பும் ஈர்ப்பும் ஒன்றாக வளர்கின்றன. மாய இனத்தவரால் பொய் சொல்ல முடியாது, மனுஷியான ஜூடால் முடியும். அந்த ஒரே ஆயுதத்தை வைத்து அவள் அரியணை வரை காய் நகர்த்துவதுதான் கதையின் ருசி. மூன்று பாகங்கள். கடைசியில் நெருக்கம் உண்டு, விவரிப்பு குறைவு. கொடுமைப்படுத்தியவனையே காதலிப்பது பற்றி எனக்கு உறுத்தல் உண்டு. ஆனால் ஜூட் யாருக்கும் பணிகிறவள் இல்லை என்பதால் இதைப் பட்டியலில் வைக்கிறேன்.

நம் பக்கத்து வாசனை வேண்டுமென்றால் ரோஷனி சோக்ஷியின் 'தி ஸ்டார்-டச்ட் குவீன்', 2016. ராஜகுமாரி மாயாவின் ஜாதகத்தில் மரணத்தோடுதான் திருமணம் என்று எழுதியிருக்கிறது. ஜாதக தோஷத்தால் கல்யாணம் தள்ளிப்போகிற கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை, ஆனால் இங்கே தோஷம் நாவலின் அடித்தளமாகவே ஆகிவிடுகிறது. இரவுச் சந்தை, மனிதர்களைத் தின்ன ஆசைப்படும் பேசும் குதிரை என்று ரசிக்க நிறைய. நடை மட்டும் அலங்காரமானது, சில இடங்களில் திகட்டும்.

நவோமி நோவிக்கின் 'எ டெட்லி எஜுகேஷன்' (2020) ஹாரி பாட்டர் பிள்ளைகளுக்கு நல்ல அடுத்த படி. ஆசிரியரே இல்லாத மந்திரப் பள்ளி, சாக்கடை வழியாகவும் மேசை அடியிலிருந்தும் வந்து மாணவர்களைத் தின்னும் பூதங்கள். நாயகி எல்லின் அப்பா மும்பைக்காரர். வாய் துடுக்கான பெண், படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். முதல் பாகத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஓரிடம் உண்டு. நோவிக்கின் 'அப்ரூட்டட்' தேவதைக் கதை போலத் தோன்றும். அதிலும் ஒரு வெளிப்படையான காட்சி இருக்கிறது. 18-க்கு மேல் படிக்கட்டும்.

கிரிஸ்டின் கஷோரின் 'கிரேஸ்லிங்' (2008) பற்றிப் பெற்றோர்களிடையே சண்டையே வரலாம். நாயகி காட்சா கல்யாணமே வேண்டாம் என்கிறாள், ஆனால் காதலிக்கிறாள், உடலுறவும் உண்டு. காட்சி விவரிக்கப்படுவதில்லை, கருத்தடை மூலிகை வரை அவள் யோசித்து முடிவெடுப்பதைத்தான் ஆசிரியர் காட்டுகிறார். 16 வயதுக்குத் தரலாம் என்பது என் கருத்து. நீங்கள் முதலில் படித்துவிட்டு முடிவு செய்தால் இன்னும் நல்லது.

இப்போது கையில் இருக்கும் புத்தகம். அதைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் மிச்சத்தை ஃபோனில் பிடிஎஃப் வைத்துப் படிப்பாள், உங்களுக்குத் தெரியவும் வராது. "நான் நடுவில் ஒரு பக்கம் பார்த்தேன், எனக்கு அது இந்த வயதுக்கு அதிகமாகத் தெரிகிறது, உனக்கு எப்படி?" என்று நேராகவே கேளுங்கள். கூச்சமான பேச்சுதான். அவள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பதாகச் சொன்னால் நம்புங்கள், பல பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். தொடரின் அடுத்த பாகங்களைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்று பேசி வைத்துக்கொண்டு, மாற்றுப் புத்தகத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள். வெறும் கையோடு தடை போட்டால் நிற்காது.

முதலில் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' வாங்குங்கள். கூடவே அதன் இரண்டாம் பாகமான 'க்ரூக்கட் கிங்டம்' நாவலையும் வாங்கிவிடுங்கள். முதல் பாகம் முடிகிற இடம் அப்படி, அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னால் வீட்டில் நிம்மதி இருக்காது.